காப்பது வளர்ப்பவர் கடமையே!

(தீபாவளிச் சிறப்புப் பட்டிமன்றம். இடம்: கள்ளக்குறிச்சி. தலைப்பு: "வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைக் காக்கும் கடமை வெடிப்பவருக்கா? வளர்ப்பவருக்கா?" 'வளர்ப்பவருக்கே' என்ற அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

அன்பும் அறிவும் நகைச்சுவையும் ஒருசேர அமையப்பெற்ற நடுவர் அய்யா அவர்களே! லட்சுமி வெடியைவிடச் சத்தமாகப் பேசிவிட்டு, இப்போது புஸ்வாணம் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணித் தலைவர் அவர்களே! கோமுகி ஆறு பாய்கிற இந்தக் கள்ளக்குறிச்சி மண்ணின் மக்களே! வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் பஸ் பிடித்து மலை இறங்கி வந்திருக்கிற உறவுகளே!

நடுவர் அய்யா! எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அய்யா ஒரு கேள்வி கேட்டார். "வெடி வைக்கிறவன் ஒருத்தன். நடுங்கறது ஒரு நாய். நடுவுல வளர்க்கிறவன் என்னய்யா பாவம் பண்ணான்?" அப்படின்னு கேட்டார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா கேள்வி நல்ல கேள்வி.

நான் ஒரு பதில் கேள்வி கேக்கறேன். மழை பெய்யுது. பெய்ய வெச்சது நீங்களா? இல்லை. ஆனா பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குக் குடை பிடிக்கிறது யாரு? நீங்கதானே! "பெய்யறது வானம், அதனால வானம்தான் பொறுப்பு"ன்னு திண்ணையில உட்கார்ந்துட்டா, பிள்ளை நனையாம இருக்குமா? (கைதட்டல்)

மழைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. தீபாவளி எந்த மாசம்? ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை எந்த மாசம்? அதே ஐப்பசி! சாயங்காலம் கல்வராயன் மலைமேல மேகம் கூடி, ஒரு இடி இடிச்சதுன்னா அடிவாரத்துல கச்சிராயபாளையம் வரைக்கும் ஜன்னல் கதவு ஆடுது. கட்டிலுக்கு அடியில போய் ஒளியற நாய்க்குத் தெரியுமா, இது சிவகாசிச் சரக்கு, இது இந்திரன் சரக்குன்னு? (சிரிப்பு, கைதட்டல்) வெடிக்கிறவர்தான் பொறுப்புன்னு சொல்ற எதிரணி நண்பர்களைக் கேக்கறேன். இடிக்கு யார் மேல கேஸ் போடுவீங்க? இந்திரனுக்கு எந்த ஸ்டேஷன்ல சம்மன் அனுப்புவீங்க?

நடுவர்: ஏம்மா, இந்திரன் வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டிடுவாரும்மா! (சிரிப்பு)

அதுதான் அய்யா! வாய்தா வாங்கறவங்களை நம்பி வாயில்லா ஜீவனை விட முடியாதுன்னுதான் நான் சொல்றேன்.

எதிரணியிலே சட்டம் பேசினாங்க. சட்டத்தை நான் மதிக்கிறேன். நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபலுக்கு மேல சத்தம் வரக்கூடிய வெடியைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாதுன்னு 1999-லேயே மத்திய அரசு விதி போட்டது. ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் வெடிக்கக் கூடாதுன்னு 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல், தீபாவளிக்கு ரெண்டே மணி நேரம்தான்னு அதே நீதிமன்றம் சொன்ன பிறகு, தமிழ்நாட்டிலே காலையில ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டுன்னு நேரம் குறிச்சாங்க. எல்லாம் சரி. வரவேற்கிறேன்.

ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த டெசிபல் கணக்கு யார் காதை வெச்சுப் போட்டது? மனுஷக் காதை வெச்சு! நம்ம காது, நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான் கேக்கும். நாயோட காது 45,000 வரைக்கும் கேக்கும். நீங்க காதைப் பொத்திக்கிட்டு "சூப்பரா இருந்துச்சு"ன்னு சொல்ற அதே சத்தம், அதுக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதுக்குக் காதைப் பொத்திக்கக் கையும் இல்லை, "இன்னைக்குத் தீபாவளி"ன்னு சொல்ற காலண்டரும் இல்லை!

சரி, வருஷத்துல ஒரு நாள்தானேன்னு சொல்றீங்களா? எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. ஒரு பெரியவர் காலமாயிட்டா, பறை முன்னால போகும், சரம் பின்னால போகும். அம்மன் கோயில் திருவிழான்னா அதிர்வேட்டு. கல்யாண ஊர்வலம்னா வாணவேடிக்கை. எலெக்ஷன்ல ஜெயிச்சா வெடி. கிரிக்கெட்ல ஜெயிச்சா வெடி. பொறந்தாலும் வெடி, போனாலும் வெடி! இத்தனை பேரையும் ஒவ்வொருத்தரா வாசல்ல நிறுத்தி, "அய்யா, எங்க வீட்டு மணிக்குப் பயம், கொஞ்சம் மெதுவா வெடிங்க"ன்னு கெஞ்ச முடியுமா? சாவு வீட்டுக்காரங்ககிட்ட போய்ச் சொல்ல முடியுமா? அப்போ யாரை மாத்த முடியும்? நம்ம வீட்டை மாத்தலாம். நாயோட மனசை மாத்தலாம். அது நம்ம கையில இருக்குது.

மலைமேல இருக்கிற என் சொந்தங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். மரவள்ளியும் மக்காச்சோளமும் போட்ட காட்டுல ராத்திரி காட்டுப்பன்னி வந்துட்டா என்ன பண்றாங்க? வெடியைக் கொளுத்திப் போடறாங்க. பக்கத்துல காவலுக்கு யாரு? நாய்! பன்னிக்குப் போட்ட வெடியில பன்னி ஓடுதோ இல்லையோ, முதல்ல ஓடறது நம்ம நாய்தான்! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனா ஓடின நாய் காட்டுக்குள்ள ஓடி, வழி தப்பி, திரும்பி வரலைன்னா? மலையில நாய் சோபாவுக்குப் பக்கத்துல நிக்கிற அலங்காரம் இல்லைங்க. அது அந்தக் குடும்பத்தோட காவல்காரன். அங்கே வெடிக்கிறவரும் வளர்க்கிறவரும் ஒரே ஆள். எதிரணி நண்பர்களே, அந்த வீட்டுல யார் மேல பழியைப் போடுவீங்க?

எதிரணியிலே பேசிய அம்மா அருமையான ஓர் எடுத்துக்காட்டு சொன்னாங்க. சிவகங்கை மாவட்டத்துல திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி. 1977-ல் பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்ட இடம். கண்மாயில வந்து தங்கற பறவைங்க பயந்துடக் கூடாதுன்னு அந்த ஊர் மக்கள் பல வருஷமா தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்லை. அந்த மக்களை நான் இங்கேயிருந்து கையெடுத்துக் கும்பிடறேன்.

ஆனா அம்மா, அது உங்க அணிக்கு ஆதாரம் இல்லை, எங்க அணிக்கு ஆதாரம்! அவங்க ஏன் வெடிக்கலை? அந்தப் பறவைங்களை யாரோ ஊர்ப் பறவைன்னு நினைக்கலை. "எங்க ஊருக்குப் பிரசவத்துக்கு வந்த பொண்ணுங்க"ன்னு நினைச்சாங்க. வளர்க்கிறவன் மனசு வந்த பிறகுதான் வெடிக்கிறவன் கை நின்னுது! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அவங்க கொண்டுவந்த வெடியை வாங்கி இவங்க வெடிச்சுட்டாங்களே! (சிரிப்பு)

அடுத்த விஷயத்துக்கு வர்றேன் அய்யா. கடமை கடமைன்னு சொல்றோமே, அந்தக் கடமையில முதல் படி என்ன? பயத்தைப் பயம்னு புரிஞ்சுக்கறது.

கடையெழு வள்ளல்கள்னு படிச்சிருக்கோம். அதுல ஒருத்தர் நம்ம திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி. 2019 நவம்பர்ல விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிஞ்சு வந்தப்போ, காரியும் நம்ம பக்கம் வந்துட்டார். பாகப்பிரிவினையில நமக்குக் கிடைச்ச பெரிய சொத்து அதுதான்! (சிரிப்பு, கைதட்டல்) அந்த ஏழு பேர்ல இன்னொருத்தர் பேகன். மழை மேகத்தைப் பார்த்துத் தோகை விரிச்ச மயிலைப் பார்த்தார். "அய்யோ, குளிர்ல நடுங்குதே"ன்னு தன்னோட போர்வையை எடுத்துப் போத்தினார். மயில் கேக்கலை. மயிலுக்கு நிஜமா குளிருச்சான்னே தெரியாது. ஆனா ஓர் உயிர் நடுங்குதோன்னு சந்தேகம் வந்த உடனே போர்வை வந்துச்சு!

நம்ம வீட்டு நாய் நிஜமாவே நடுங்குது. வாலைக் காலுக்கு நடுவுல சுருட்டிக்குது. காது பின்னால படுத்துக்குது. வெயிலே இல்லாத நேரத்துல நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்குது. எச்சில் வடியுது. ஒரு இடத்துல நிக்காம சுத்திச் சுத்தி வருது. ஆசையாத் தின்கிற கறித் துண்டைக்கூட மோந்து பார்க்க மாட்டேங்குது. சில நாய் வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போயிடுது. நாம என்ன பண்றோம்? போர்வை எடுத்துப் போத்தறோமா? "சீ! நாயாப் பொறந்துட்டு வெடிக்குப் பயப்படறியே, வெக்கமா இல்லை?"ங்கறோம். (சிரிப்பு) வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போனதுக்கு அடி வேற! பயத்துல போனதுக்கு அடிச்சா, அதுக்கு இன்னொரு பயம் சேருமே தவிர, இருக்கிற பயம் போகுமா?

பயத்துக்கும் வீரத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. ராஜபாளையம் நாய் தெரியுமில்லே? காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போன நாய். ராஜபாளையம் எந்த மாவட்டம்? விருதுநகர் மாவட்டம். சிவகாசி எந்த மாவட்டம்? அதே விருதுநகர் மாவட்டம்! வெடியும் அங்கேதான், வேட்டை நாயும் அங்கேதான். அதுக்காக ராஜபாளையம் நாய் எல்லாம் பொறக்கும்போதே சரவெடியைப் பார்த்துக் கை தட்டிக்கிட்டா பொறக்குது? (சிரிப்பு) திருடனைக் கண்டா பாயற நாயும் வெடிக்கு நடுங்கும். ஏன்னா திருடன் கண்ணுக்குத் தெரியறான். சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியலை, எப்போ நிக்கும்னும் தெரியலை. தெரியாத ஒண்ணைக் கண்டா மனுஷனே பயப்படறான். ரிசல்ட் வர்ற அன்னைக்கு நம்ம பிள்ளைங்க சாப்பிடுதா? (சிரிப்பு)

இந்தப் பயம் விடிஞ்சா போயிடும்னு நினைக்காதீங்க. ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒரு விஞ்ஞானி. 1904-ல் நோபல் பரிசு வாங்கினவர். சத்தம் கேட்டதும் சோறு, சத்தம் கேட்டதும் சோறுன்னு பழக்கினா, அப்புறம் சத்தம் கேட்ட உடனேயே நாய்க்கு எச்சில் ஊறும்னு காட்டினவர். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஆனா பள்ளிக்கூடத்துல சொல்லாத கதை ஒண்ணு இருக்குது. 1924 செப்டம்பர்ல லெனின்கிராட்ல பெரிய வெள்ளம். அவரோட ஆய்வுக்கூடத்து நாய்க் கொட்டடிக்குள்ள தண்ணி புகுந்து, கூண்டுல மூழ்கப் பார்த்த நாய்களைக் கடைசி நேரத்துல காப்பாத்தினாங்க. உயிர் பிழைச்சுது. ஆனா சில நாய்ங்க கத்துக்கிட்ட பாடத்தையெல்லாம் மறந்துடுச்சு. அப்புறம் பயிற்சியில தேறி வந்த ஒரு நாய், கதவுக்கு அடியில கொஞ்சம் தண்ணியைக் கசிய விட்டதும் மறுபடி பழைய மாதிரி ஆயிடுச்சு! வெள்ளம் வடிஞ்சுடுச்சு. பயம் வடியலை.

நம்ம நாய்க்கும் அப்படித்தான். போன வருஷம் அணுகுண்டுக்குப் பயந்துது. இந்த வருஷம் சீனி வெடிக்கே ஓடுது. அடுத்த வருஷம் பிரஷர் குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில போயிடும்! கவனிக்காம விட்டா வருஷத்துக்கு வருஷம் வட்டி ஏறிக்கிட்டே போற கடன் இது. கந்துவட்டியைவிட மோசம். (கைதட்டல்)

ஆனா நல்ல சேதி என்ன தெரியுமா? பயத்தைப் பத்தின அந்தக் கதை யாருது? பாவ்லோவுது. அதைத் தீர்க்கிற வழி யாருது? அதுவும் பாவ்லோவுதுதான்! சத்தம் கேட்டதும் சோறு. அதுதான் வைத்தியம்!

எப்படின்னு சொல்றேன். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஊரு இது. தைரியத்தையும் ஆடியிலேயே விதைங்க. வீட்டுல செல்போன் இருக்குது. அதுல வெடிச் சத்தம் ஒண்ணு பதிஞ்சு வெச்சுக்குங்க. நாய் நிம்மதியாப் படுத்திருக்கிற நேரம், ரொம்ப ரொம்ப மெதுவா, காதுல விழுந்தும் விழாம இருக்கிற அளவுக்கு வைங்க. சத்தம் வந்த உடனே ஒரு கருவாட்டுத் துண்டு. மறுபடி சத்தம், மறுபடி துண்டு. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் போதும். அடுத்தடுத்த வாரம் கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தைக் கூட்டுங்க. எவ்வளவு கூட்டலாம்னு எப்படித் தெரியும்? நாயே சொல்லும்! துண்டைத் தின்னாம நிறுத்திடுச்சுன்னா, அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டு படி இறங்கி வாங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்குது. சத்தம் முதல்ல, துண்டு அடுத்து. மாத்திடக் கூடாது. துண்டைக் கொடுத்துட்டு அப்புறம் சத்தம் வெச்சா, துண்டைப் பார்த்தாலே பயப்பட ஆரம்பிச்சுடும். எங்க வீட்டுக்காரர் கேக்காமலே மல்லிப்பூ வாங்கிட்டு வந்தார்னா எனக்குச் சந்தோஷமே வராது. அடுத்து என்ன குண்டு வரப்போகுதோன்னுதான் வயிறு கலக்கும்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: அவர் இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறாராம்மா?

பார்க்கட்டும் அய்யா. பூ வாங்கறதை நிறுத்தாம இருந்தாச் சரி! (சிரிப்பு)

குட்டியா இருக்கும்போதே பழக்கினா இன்னும் சுலபம். மூணு வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரைக்கும் குட்டியோட மனசு ஈரக் களிமண் மாதிரி. மிக்சி சத்தம், டிராக்டர் சத்தம், கோயில் மேளம், எல்லாத்தையும் தூரத்துல இருந்து, தின்பண்டத்தோட, சந்தோஷமா அறிமுகம் பண்ணுங்க. ஆனா சில பேர் ஒரு காரியம் பண்றாங்க. "பயம் தெளியட்டும்"னு நாயைக் கட்டிப் போட்டு அது பக்கத்துலேயே வெடியை வைக்கிறாங்க. நீச்சல் தெரியாதவனைக் கோமுகி அணையில தள்ளிவிட்டா நீச்சல் வந்துடுமா? அது பயிற்சி இல்லைங்க, சித்திரவதை! இதுல வால்ல சரத்தைக் கட்டி விடற பிள்ளைங்களும் இருக்குது. 1960-லேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. அந்தச் சட்டத்துல முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து அம்பது ரூபாய்! ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி விலைகூட இல்லை. இந்தச் சட்டத்தை நம்பியா எதிரணி நண்பர்களே, என் வீட்டு உயிரை நான் விட்டுட்டுத் தூங்கறது? (பலத்த கைதட்டல்)

சரி, ஆடி போயிடுச்சு, ஆவணி போயிடுச்சு, நாளைக்குத் தீபாவளி. இப்போ என்ன பண்றது? அதுக்கும் வழி இருக்குது. காலையில ஆறு, ராத்திரி ஏழுன்னு அரசாங்கமே உங்களுக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருக்குது. அதை வெடிக்கிறவன் மட்டும்தான் பார்க்கணுமா? நாய் வளர்க்கிறவரும் பார்க்கணும்.

எப்படியும் விடியற்காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க எழுந்திருக்கிறீங்க. ஆறு மணிக்கு முன்னாடியே நாயைச் சங்கிலியில பிடிச்சு, வெளியே ஒரு நடை கூட்டிட்டுப் போய், ஒண்ணுக்கு ரெண்டுக்கு முடிச்சுக் கூட்டியாந்துடுங்க. அதே மாதிரி சாயங்காலமும், பொழுது சாயறதுக்குள்ள நடையும் சோறும் முடிஞ்சுடணும். வயிறு நிறைஞ்ச நாய், நடந்து களைச்ச நாய், கொஞ்சமாவது படுக்கும்.

அப்புறம் வீட்டுல ஓர் இடம். தெருப் பக்கம் வேண்டாம். உள் அறை. கட்டிலுக்கு அடியிலோ, பீரோவுக்குப் பக்கத்துலயோ, அது தானா எங்கே போய் ஒளியுதோ அந்த இடம். ஒரு பழைய போர்வையைத் தொங்க விடுங்க. ஜன்னலைச் சாத்துங்க. ஃபேனைப் போடுங்க, டி.வி.யை ஓட விடுங்க. நம்ம பட்டிமன்றத்தையே வைங்களேன்! (சிரிப்பு) உள்ளே ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா, வெளியே வர்ற வெடி திடீர்னு தூக்கிப் போடாது. மலைமேல ஒரே அறை இருக்கிற வீடா? மூலையில நாலு கோணிச் சாக்கைப் போட்டு மறைப்புக் கட்டுங்க. அதுக்கு வேண்டியது மாளிகை இல்லை, ஒரு மூலை. ஒளிஞ்சதை இழுத்து வெளியே போடாதீங்க. பயந்த நாய் கடிக்கும். பிள்ளைங்களைக் கிட்டே விடாதீங்க.

"பயப்படும்போது தடவிக் கொடுத்தா பயம் அதிகமாயிடும், கண்டுக்காம விட்டுடணும்"னு ஒரு பழைய அறிவுரை ஊர்ல உலாத்துது. தப்புங்க! பயம்ங்கறது அடம் இல்லை, நீங்க கொஞ்சினா வளர்றதுக்கு. அது ஓர் உணர்ச்சி. உங்க மடியைத் தேடி வந்தா மடியைக் கொடுங்க. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு கொடுங்க. சுவிட்சர்லாந்துல பெர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஸ்டெஃபானி ரீமர், ஆயிரத்துக்கு மேல நாய் வளர்க்கிறவங்ககிட்ட விசாரிச்சு 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்குது. சத்தம் வந்த உடனே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துப் பார்த்தவங்கள்ல எழுபது சதவீதத்துக்கு மேல "பலன் தெரிஞ்சுது"ன்னு சொன்னாங்க. கையில இருக்கிற துண்டு ஈரலுக்கு அவ்வளவு சக்தி!

ஆனா துண்டுன்னு சொன்னேன்னு தீபாவளிப் பலகாரத்தைக் கொடுத்துடாதீங்க. லட்டுல இருக்கிற உலர் திராட்சை நாயோட சிறுநீரகத்தைக் கெடுத்துடும். சாக்லேட் விஷம். அதே மாதிரி, பாட்டியோட தூக்க மாத்திரையில பாதியை உடைச்சுப் போடற டாக்டருங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. (சிரிப்பு) வேண்டாம்! சில மயக்க மருந்து உடம்பை மட்டும் அசையாமப் பண்ணும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். ஓடவும் முடியாம, கத்தவும் முடியாம உள்ளுக்குள்ள நடுங்கும். அதைவிடக் கொடுமை உண்டா? ரொம்பப் பயப்படற நாய்க்குப் பயத்தையே குறைக்கிற மருந்து இப்போ இருக்குது. அதைக் கால்நடை மருத்துவர் பார்த்து, எடை பார்த்துக் கொடுக்கணும். நம்ம சின்னசேலத்தைத் தாண்டினா தலைவாசல்ல 2021-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்தாச்சு. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி ஓடாதீங்க, ஒரு மாசம் முன்னாடியே போங்க. துணிக்கு மட்டும் ஒரு மாசம் முன்னாடியே போறோமில்லே?

முக்கியமான ஒண்ணு. நடுவர் அய்யா, இதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறினேன். தீபாவளி அன்னைக்கு வாசல் கதவு எத்தனை தடவை திறக்குது? பலகாரத் தட்டு போகுது, வருது. பிள்ளைங்க ஓடுது, வருது. அந்த ஒரு இடைவெளி போதும். பயந்த நாய் வழி பார்த்து ஓடாது, வழி கிடைச்ச பக்கம் ஓடும். நம்ம ஊரை ஒட்டிப் போகுது சேலம், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. வெடிக்குப் பயந்து ஓடற நாய்க்கு லாரி கண்ணுக்குத் தெரியாது. ஓடாம இருக்கட்டும்னு வெளியே சங்கிலி போட்டுக் கட்டி வெச்சா, மதில் தாண்டிக் குதிச்சு அந்தச் சங்கிலியிலேயே தொங்கிடும். கட்டாதீங்க. உள்ளே விடுங்க. கதவைச் சாத்துங்க. கழுத்துப் பட்டையில உங்க போன் நம்பரை எழுதுங்க. ஒரு பேனா, பத்து எண்! அந்தப் பத்து எண் இருந்தா, பத்து ஊர் தள்ளி யாரோ ஒரு புண்ணியவான் போன் பண்ணுவார். இல்லைன்னா, உங்க வீட்டு மணி அடுத்த ஊர்ல பேர் இல்லாத தெரு நாய்.

தெரு நாய்னு சொன்னதும் எதிரணியிலே ஒருத்தர் சிரிக்கிறார். "அதுக்கு வளர்ப்பவர் யாரும்மா?"ன்னு கேப்பார். நான் சொல்றேன். தினம் ராத்திரி மிச்ச சோத்தை வாசல்ல யார் வைக்கிறாங்களோ, அவங்கதான் வளர்ப்பவர்! முன்னூத்தி அறுபத்தி நாலு நாள் அது உங்க தெருவைக் காவல் காக்குது. ஒரு நாள் நீங்க அதுக்குக் கேட்டைத் திறந்து விட்டா, வண்டிக்கு அடியிலேயோ மாடிப்படிக்கு அடியிலேயோ ஒடுங்கிக்கும். காசு கேக்காது, புதுத் துணி கேக்காது, பொங்கச் சீர் கேக்காது! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே! வெடிக்கிறவருக்குப் பொறுப்பே இல்லைன்னு நான் சொல்லவில்லை. விதிப்படி, நேரப்படி வெடிக்கட்டும். அது சட்டம். ஆனால் நாய் எங்கே ஓடி வருகிறது? போலீஸ் ஸ்டேஷனுக்கா? கலெக்டர் ஆபீசுக்கா? உங்கள் காலடிக்கு ஓடி வருகிறது! உலகத்திலே எத்தனையோ கால்கள் இருக்க, இந்தக் கால்தான் என்னைக் காக்கும் என்று ஓர் உயிர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சொர்க்கத்து வாசலில் நின்றபோதும், "கூட வந்த நாய்க்கு இடமில்லை என்றால் எனக்கும் வேண்டாம்" என்றாராம் தருமர். நம்மைச் சொர்க்கத்தை விடச் சொல்லவில்லை. ஓர் உள் அறையை விடச் சொல்கிறது. அரை மணி நேரம் மடியை விடச் சொல்கிறது.

ஆகவே நடுவர் அய்யா, அந்த நாய் ஏற்கெனவே சொல்லிவிட்ட தீர்ப்பைத்தான் நீங்களும் சொல்லவேண்டும். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் உயிரைக் காப்பது வளர்ப்பவர் கடமையே, வளர்ப்பவர் கடமையே என்று சொல்லி விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)